பதிப்பி: குழந்தைகளின் நிரல் கல்வியில் தாளும் திரையும்

'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியைக் கற்கத் தொடங்கும் குழந்தை முதலில் அறிமுகம் கொள்ளும் கட்டளைகளுள் ஒன்று 'பதிப்பி'. பதிப்பி "வணக்கம்" என்று எழுதி இயக்கினால் திரையில் வணக்கம் என்ற சொல் தோன்றும். தாளில் எதுவும் அச்சாவதில்லை. ஆயினும் கட்டளையின் பெயர், புத்தகம் அச்சிடுவோரின் தொழிற்சொல்.

இந்த முரணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேசிக் மொழி பிறந்தபோது, மாணவர்முன் இருந்தது திரை அன்று, தொலைத்தட்டச்சுப் பொறி. கணினியின் விடை காகிதச் சுருளில் எழுத்தெழுத்தாக அச்சாகி வெளிவந்தது. ஆகவே 'பிரிண்ட்' என்ற கட்டளை அப்போது சொன்னதைச் செய்தது. குழந்தைகளுக்கென்றே 1967-இல் உருவான லோகோ மொழியும் இத்தகைய பொறிகளில்தான் முதலில் இயங்கியது. பின்னர்த் திரை வந்தது. சொல் மட்டும் தங்கிவிட்டது. தமிழுக்கு வந்தபோது அது 'பதிப்பி' ஆனது. குழந்தைகளின் நிரல் கல்வியில் தாளும் திரையும் தொடக்கத்தில் எதிரெதிர் அணிகளாக இருக்கவில்லை என்பதற்கு இச்சொல்லே சான்று.

இன்று நிலைமை வேறு. அச்சு நூல் போதுமா, இணையப் பாடமா என்ற கேள்வி பள்ளி மேலாண்மைக் கூட்டங்களிலும் பெற்றோர் உரையாடல்களிலும் தவறாமல் எழுகிறது. பெங்களூரு இக்கேள்விக்குப் பொருத்தமான இடம். இணையக் கல்வியை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்ற நிறுவனமும், அச்சுப் பாடநூலை இணையத்தோடு பிணைத்த அறக்கட்டளையும், தமிழில் நிரல் எழுதக் கற்பிக்கும் நூலின் ஆசிரியர்களுள் ஒருவரும் இந்நகரைச் சார்ந்தவர்கள். ஆனால் கதை இங்கே தொடங்கவில்லை.

1

லோகோவை உருவாக்கியவர்கள் வாலி ஃபூர்சைக், சிமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், டேனியல் பாப்ரோ ஆகியோர். அவர்களுள் பேப்பர்ட், ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் ழான் பியாஜேயுடன் பணிபுரிந்தவர். லோகோவின் அடையாளமாகிய 'ஆமை' முதலில் தரையில் ஊர்ந்த ஓர் இயந்திரம். பின்னரே திரையில் ஊரும் சிறு முக்கோணமாயிற்று. நூறு அடி முன்னே போ, தொண்ணூறு பாகை வலப்புறம் திரும்பு. இதை நான்கு முறை செய்தால் சதுரம். எப்படி வரைவது என்று தெரியாத குழந்தை எழுந்து நின்று, தானே ஆமையாகி நடந்து பார்க்க வேண்டும் என்றார் பேப்பர்ட்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நிரலின் முதற்பாடத்துக்குக் கணினியே தேவைப்படவில்லை. வகுப்பறைத் தரை போதும். அந்த எண்ணம் உலகெங்கும் பரவியதற்கு வாய்த்த கருவியும் ஓர் அச்சு நூல்தான்: 1980-இல் வெளிவந்த பேப்பர்ட்டின் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்'. ஆனால் அது குழந்தைக்கு எழுதப்பட்டதன்று. ஆசிரியருக்கும் கல்வியாளருக்கும் எழுதப்பட்டது. குழந்தையின் கையில் எதைக் கொடுப்பது என்ற கேள்வி அப்படியே நின்றது.

2

இந்தியப் பள்ளிகளுக்கு அக்கேள்வி 1984-85-இல் வந்து சேர்ந்தது. 'கிளாஸ்' எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட கணினி அறிவுத் திட்டத்தை ஒன்றிய அரசு அப்போது தொடங்கியது. பிரிட்டனின் ஏக்கார்ன் நிறுவனம் வடிவமைத்த பி.பி.சி. மைக்ரோ கணினிகள் மாநில அரசுகள் வழியாகப் பள்ளிகளுக்குப் பகிரப்பட்டன. திட்டக் காலத்தில் அவ்வாறு பகிரப்பட்டவை மொத்தம் 12,000.

அக்காலத்தில் அச்சு, நிரலைப் பற்றிப் பேசும் துணைப்பொருளாக மட்டும் இருக்கவில்லை. பல வேளைகளில் அச்சே நிரலாக இருந்தது. நூல்களிலும் இதழ்களிலும் முழு நிரல்களும் வரி எண்களோடு அச்சிடப்பட்டன. வாசிப்பவர் அவற்றைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சிட்டார். ஒரு காற்புள்ளி தவறினால் நிரல் ஓடாது. தவறு எங்கே என்று தாளையும் திரையையும் மாறிமாறி ஒப்பிட்டுத் தேடியதில், ஒருவகையில் ஏட்டுச்சுவடியையும் படியையும் ஒப்பிடும் பதிப்பாசிரியரின் பயிற்சி கிடைத்தது. மெதுவான கல்விதான், ஆனால் ஒவ்வொரு குறியும் கற்பவரின் கண்ணையும் கையையும் கடந்து சென்றது.

இதில் விடுபட்டது மொழி. பேசிக் மொழியின் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருந்தன. கணினியோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்வழி மாணவருக்கும் கன்னடவழி மாணவருக்கும் நடுவில் நின்று பொருள் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டியிருந்தது. அவர் இல்லாத பள்ளியில் கணினி உறைபோட்ட பொருளாகவே இருந்திருக்கும்.

3

2007-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் மிச்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு ஸ்கிராட்ச் மென்பொருளைப் பொதுவில் வெளியிட்டது. பேப்பர்ட்டின் சிந்தனை வழியில் வந்த படைப்பு இது. கட்டளைகளைத் தட்டச்சிட வேண்டியதில்லை. வண்ணக் கட்டங்களாக இருப்பவற்றை இழுத்துப் பொருத்தினால் போதும். காற்புள்ளிப் பிழைக்கு இடமில்லை. செய்த நிரலை இணையத்தில் பகிரலாம். வேறொரு குழந்தை செய்ததைத் திறந்து, உள்ளே பார்த்து, மாற்றியமைக்கலாம். நிரல் கற்பதற்கு இணையம் தந்த உண்மையான கொடை இதுவே. எந்த அச்சு நூலும் வாசகரின் தவறை உடனே காட்டியதில்லை. இன்னொரு வாசகரின் வீட்டுப்பாடத்தைத் திறந்து காட்டியதுமில்லை.

ஆனால் இணையத்தின் வேகம் அச்சுக்கு வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. 2009-இல் வந்த ஸ்கிராட்ச் 1.4 பதிப்பில் கட்டளைக் கட்டங்கள் திரையின் இடப்புறம் இருந்தன. பாத்திரங்கள் ஆடும் மேடை வலப்புறம். 2013-இல் வந்த 2.0 பதிப்பில் மேடை இடப்புறம் மாறிற்று. 2019 சனவரியில் வந்த 3.0 பதிப்பில் அது மீண்டும் வலப்புறம் போயிற்று. முன்பு முதன்மைப் பட்டியலில் இருந்த 'பேனா' கட்டளைகள் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டிய இணைப்பாயின. இடைப்பட்ட பதிப்பைப் பார்த்து அச்சிடப்பட்ட ஒவ்வொரு நூலும் பத்தாண்டுக்குள் கண்ணாடிப் பிம்பம் போல் இடம் வலம் மாறிவிட்டது. "இடப்பக்கம் உள்ள மேடையைப் பார்" என்று நூல் சொல்ல, குழந்தையின் கண்முன் வேறொன்று இருக்கும். முதன்முதலாகக் கணினியைத் தொடும் பத்து வயதுக் குழந்தை, நூல் பழையது என்று நினைப்பதில்லை. தான்தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைக்கும்.

திரையும் நிலையானதன்று. 2.0 பதிப்பு ஃபிளாஷ் தொழில்நுட்பத்தை நம்பியிருந்தது. 2020 இறுதியில் ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் நிறுத்தியது. ஸ்கிராட்ச் அதற்கு முன்பே இடம்பெயர்ந்து தப்பியது. பேணுவோர் இல்லாத எத்தனையோ இணையக் கல்வி விளையாட்டுகள் அவ்வாறு தப்பவில்லை. பழைய நூல் தவறான படத்தையாவது காட்டும். பழைய இணையப்பக்கம் வெற்றுக் கட்டத்தைக் காட்டும்.

4

இச்சிக்கலை எதிர்கொண்ட இந்திய முயற்சிகள் இரண்டு கவனத்துக்குரியவை. ஒன்று, மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஸ்ரீதர் ஐயரின் முன்னெடுப்பில் உருவான 'கம்ப்யூட்டர் மஸ்தி' நூல்வரிசை. தேஜஸ், ஜோதி என்னும் இரு குழந்தைகளும் மோஸ் என்னும் பேசும் சுட்டெலியும் உரையாடுவதாக அமைந்த நூல்கள் அவை. எந்தப் பொத்தான் எங்கே உள்ளது என்பதைவிட, ஒரு வேலையைப் படிகளாகப் பிரிப்பது எப்படி என்பதற்கே அவற்றில் முதன்மை. அத்தகைய பகுதிகள் மென்பொருளின் பதிப்பு மாறினாலும் பழையதாவதில்லை. அச்சாகவும் இணையத்தில் இலவசக் கோப்பாகவும் அவை கிடைத்தன. நியூசிலாந்தின் டிம் பெல்லும் நண்பர்களும் 1998-இல் வெளியிட்ட, கணினி இல்லாமலே கணினி அறிவியல் கற்பிக்கும் 'அன்பிளக்டு' நூலும் இதே தருக்கத்தில் அமைந்ததுதான்.

மற்றொன்று கேரளம். 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்து, தனக்கென ஓர் இயங்குதளத் தொகுப்பை உருவாக்கிப் பள்ளிக் கணினிகளில் நிறுவியது. கணினிப் பாடநூல்களையும் அத்தொகுப்பை ஒட்டி எழுதியது. நூலில் உள்ள படமும் பள்ளிக் கணினியின் திரையும் ஒத்திருந்தன. இணையத் தொடர்பு இல்லாத நாளிலும் பாடம் நடந்தது. தாளையும் திரையையும் ஒரே கை தொகுத்ததால் கிடைத்த பயன் இது. மென்பொருள் ஓரிடத்திலிருந்தும், நூல் வேறோரிடத்திலிருந்தும், கணினி ஒப்பந்தப்புள்ளி வழியாக மூன்றாவது இடத்திலிருந்தும் வரும் பள்ளியில் இந்த ஒத்திசைவு தற்செயலாக மட்டுமே அமையும்.

5

தமிழ்க் குழந்தைக்கு இவற்றோடு இன்னொரு படியும் உண்டு. லோகோவிலும் ஸ்கிராட்சிலும் ஆங்கிலக் கட்டளை வினையில் தொடங்குகிறது: 'நகர்' முதலில், 'பத்து அடி' பின்னர். தமிழ்த் தொடரில் வினை இறுதியில் நிற்கும்: 'பத்து அடி நகர்'. நிபந்தனைத் தொடரிலும் அவ்வாறே. ஆங்கிலம் நிபந்தனைச் சொல்லை முன்னே வைக்கும். தமிழ் 'மழை பெய்தால்' என ஈற்றில் வைக்கும். தமிழில் எழுதப்பட்ட விளக்கத்தைப் படித்து ஆங்கிலக் கட்டளையைப் பொருத்தும் குழந்தை, சொல்லை மட்டுமன்றித் தொடரமைப்பையும் மனத்துக்குள் திருப்பிப் போடுகிறது. கட்ட நிரலாக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இந்த வரிசையை மாற்றியமைக்க இடமுண்டு. எழுத்துவழி நிரல்மொழியில் வரிசைதான் இலக்கணம். அதை மாற்ற வேண்டுமானால் புதிய மொழியையே படைக்க வேண்டும்.

அமெரிக்காவில் வாழும் பொறியாளர் முத்து அண்ணாமலை செய்தது அதுவே. எழில் மொழியின் இலக்கணத்தை விளக்கும் அவரது கட்டுரை 2009-இல் இணையத்தில் வெளியானது. எழிலில் நிபந்தனை அடைப்புக்குறிக்குள் முதலில் வருகிறது. 'ஆனால்' என்ற சொல் அதன்பின் வருகிறது. 'முடி' என்ற சொல்லோடு அப்பகுதி முடிகிறது. தமிழ்த் தொடரின் போக்கை அது மதிக்கிறது. ஆயினும் பதிப்பி "வணக்கம்" என்னும்போது வினை முன்னே நிற்கிறது. அங்கே பேசிக்கின் பழக்கம் தொடர்கிறது. மொழி ஆய்வாளருக்கு இக்கலப்பே சுவையான செய்தி.

எழிலைக் கற்க இணையத்தளம் இருந்தது. உலாவியிலேயே நிரலை எழுதி இயக்கிப் பார்க்கவும் முடிந்தது. இருந்தும் முத்து அண்ணாமலை ஒரு நூல் தேவை என உணர்ந்தார். பெங்களூருவில் வாழும் எழுத்தாளர் என். சொக்கனோடு இணைந்து அவர் எழுதிய 'தமிழில் நிரல் எழுது' அவ்வாறு உருவானது. சொக்கன் தகவல் தொழில்நுட்பத் துறையில் பணியாற்றியவர். வாழ்க்கை வரலாறுகளும் சிறார் நூல்களும் எழுதியவர். ஒரு மொழியின் கட்டளைப் பட்டியலை இணையத்தில் இட ஒரு பக்கம் போதும். எதை முதலில் சொல்வது, எதை ஒத்திவைப்பது, எந்த எடுத்துக்காட்டு குழந்தைக்கு நெருக்கமானது என்று முடிவு செய்வதற்கு எழுத்தாளர் தேவை. நூல் என்ற வடிவம் அந்த முடிவுகளைக் கட்டாயப்படுத்துகிறது. முதல் பக்கத்துக்குப் பின் இரண்டாம் பக்கம் வந்தே ஆக வேண்டும்.

6

தமிழ்நாட்டில் 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்கள் தாளையும் திரையையும் இணைக்க முயன்றன. பாடப் பக்கங்களில் க்யூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டன. கைப்பேசியால் வருடினால் 'தீக்ஷா' தளத்திலுள்ள காணொளியோ பயிற்சியோ திறக்கும். 2017-இல் தொடங்கப்பட்ட தீக்ஷாவின் அடித்தளம் 'சன்பேர்ட்' என்னும் திறமூல மென்பொருள். அதை உருவாக்கியது நந்தன் நிலேகனி, ரோகிணி நிலேகனி, சங்கர் மருவாடா ஆகியோர் பெங்களூருவில் நிறுவிய 'ஏக்ஸ்டெப்' அறக்கட்டளை. இந்த ஏற்பாட்டின் நுட்பம் எளியது. தாளில் அச்சாவது மாறாத ஓர் அடையாள எண். அதன் பின்னால் உள்ள பாடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஸ்கிராட்சின் மேடை இடம் மாறினால் நூலை மறுபடி அச்சிட வேண்டியதில்லை. குறியீட்டின் பின்னுள்ள படத்தை மாற்றினால் போதும்.

அதே பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் கடைசி அலகாகிய காட்சித் தொடர்பில் ஸ்கிராட்ச் இடம்பெற்றது. மேடை, பாத்திரம், கட்டளை எழுதும் பகுதி என்று திரையின் பகுதிகளை அந்த அலகு விளக்குகிறது. தமிழ்வழியில் பயிலும் இலட்சக்கணக்கான மாணவர் கையில், அவர்கள் மொழியில், குழந்தைகளுக்கான நிரல் மென்பொருள் ஒன்றின் அறிமுகம் சென்று சேர்ந்தது. அச்சு மட்டுமே இதைச் செய்திருக்க முடியும். ஆனால் அலகின் இறுதியில் உள்ள சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களுக்கு ஸ்கிராட்சைத் திறக்காமலே விடையளிக்கலாம். நீச்சலைப் பற்றிய பாடத்தைக் கரையில் அமர்ந்து ஒப்பிப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

7

2020-இல் இவ்விவாதம் கூர்மை பெற்றது. சூலை 29 அன்று ஏற்கப்பட்ட தேசியக் கல்விக் கொள்கை, நடுநிலை வகுப்புகளில் நிரலாக்கச் செயல்பாடுகளைப் பரிந்துரைத்தது. அடுத்த சில நாள்களில், பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட பைஜூஸ் நிறுவனம், குழந்தைகளுக்கு இணையவழி நிரல் கற்பித்த ஒயிட்ஹேட் ஜூனியரை 30 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதே கோடையில் கருநாடக அரசு சிறு வகுப்புகளுக்கு இணைய வகுப்பு நடத்தத் தடை விதித்திருந்தது; சூலையில் உயர்நீதிமன்றம் அத்தடையை நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் அதே அரசு 'வித்யாகம' திட்டத்தின்கீழ் ஆசிரியர்களைக் கோயில் வளாகங்களுக்கும் சமுதாயக் கூடங்களுக்கும் அனுப்பி, பாடநூலை வைத்துக்கொண்டு நேரில் கற்பிக்கச் செய்தது. ஒரே மாநிலம் ஒரே ஆண்டில் இரு துருவங்களையும் தொட்டுவந்தது.

அவ்வாண்டின் 'அசர்' ஆய்வு இதற்கான பின்னணியை எண்களில் தருகிறது. இந்திய ஊர்ப்புறங்களில் பள்ளியில் சேர்ந்திருந்த குழந்தைகளுள் 80 விழுக்காட்டுக்கும் மேலானோரிடம் தம் வகுப்புப் பாடநூல் இருந்தது. வீட்டில் திறன்பேசி இருந்தவர்கள் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர். அந்தத் திறன்பேசியும் பல வீடுகளில் பெரியவர் வேலைக்கு எடுத்துச் செல்வது. நூலுக்கும் க்யூ.ஆர். குறியீட்டின் மறுமுனைக்கும் இடையே இருந்த தொலைவு இதுதான்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2024 சூலையில், நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு பைஜூஸின் தாய் நிறுவனத்துக்கு எதிரான நொடிப்பு மனுவை ஏற்றது. பெருமுதலீட்டில் எழுந்த இணையக் கல்வி எவ்வளவு விரைவில் ஆட்டம் காணும் என்பதை நகரம் கண்கூடாகப் பார்த்தது. வாடகைக்கு எடுத்த பாடம் வாடகை நின்றால் போய்விடும். 1980-களின் பேசிக் கையேடு பழைய புத்தகக் கடையில் இன்றும் கிடைக்கக்கூடும்.

8

இவ்வரலாற்றிலிருந்து அச்சு வென்றது என்றோ இணையம் வென்றது என்றோ தீர்ப்பெழுத இயலாது. நிரல் என்பது இயக்கிப் பார்த்தால்தான் புரியும். அதற்குத் திரை வேண்டும். நிரலின் பின்னுள்ள சிந்தனை வரிசையாகச் சொன்னால்தான் படியும். அதற்கு நூல் நல்ல வடிவம். எது நெடுநாள் மாறாதது, எது அடிக்கடி மாறுவது என்று பிரித்து, முன்னதைத் தாளுக்கும் பின்னதைத் திரைக்கும் கொடுப்பதே அறிவுடைமை. ஆமையாகி நடந்து பார்ப்பது, ஒரு வேலையைப் படிகளாகப் பிரிப்பது, 'ஆனால்', 'வரை' போன்ற சொற்களின் தருக்கம் ஆகியவை தாளுக்குரியவை. பொத்தானின் இடமும் பதிப்பின் எண்ணும் திரைக்குரியவை. பத்தாம் வகுப்பு அலகு இதைத் தலைகீழாகச் செய்தது: திரையின் பகுதிகளைத் தாளில் அச்சிட்டு, அவற்றின் பெயர்களை வினாவாக்கியது.

தமிழ் மரபுக்கு இப்பிரிப்பு புதிதன்று. சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏட்டிலிருந்து தாளுக்கு நூல்களைக் கொண்டுவந்தபோது, எழுத்தை அப்படியே படியெடுத்து நிறுத்திவிடவில்லை. பாடபேதங்களை ஒப்பிட்டார்கள், முன்னுரை எழுதினார்கள். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியபோது, ஊடகம் மாறியதோடு அந்நூலை அணுகும் வழியும் வாசகருக்குத் திறந்தது. அந்த உழைப்புக்குத்தான் பதிப்பித்தல் என்று பெயர்.

குழந்தைகளின் நிரல் கல்வியில் ஏட்டிலிருந்து தாளுக்குப் பதில், தாளிலிருந்து திரைக்கும் திரையிலிருந்து தாளுக்கும் பயணம் நடக்கிறது. அச்சகங்கள் இருக்கின்றன, தளங்கள் இருக்கின்றன, குறியீடுகளும் இருக்கின்றன. போதாமல் இருப்பவர்கள் பதிப்பாசிரியர்கள்: மென்பொருள் மாறும்போது நூலைத் திருத்துபவர், கட்டளைக்குத் தமிழ்த் தொடரின் வரிசையில் பெயரிடுபவர், தமிழ்வழிப் பள்ளியில் பயிலும் குழந்தை எந்த இடத்தில் தடுமாறும் என்று முன்கூட்டியே அறிந்து அங்கே ஒரு குறிப்பு எழுதுபவர். ஒவ்வொரு புதிய பாடத்திட்டத்திலும் அவர்களுக்கு ஊதியமும் பெயரும் ஒதுக்கப்பட வேண்டும். அதுவரை 'பதிப்பி' என்ற கட்டளையைக் குழந்தைகள் திரைக்கு இட்டுக்கொண்டிருப்பார்கள். தங்களுக்கான பாடத்தைப் பதிப்பிக்க வேண்டியவர்களின் இருக்கை காலியாகவே இருக்கும்.